வேலை அட்டவணையும் வேலையாளின் வாக்கும்

ஹெந்தளையின் ஊடாகச் செல்லும் ஹமில்ட்டன் கால்வாய் 1802 இல் தொடங்கப்பெற்று 1804 இல் நிறைவெய்தியது. இராசகாரியம் எனும் கட்டாய உழைப்பு முறை இந்நாட்டில் 1832 வரை நீடித்தது. அக்காலப் பொதுவேலைகளில் எந்நாளில் எவர் எதைச் செய்வது என்பதை மண்வெட்டி பிடித்தவர் தீர்மானிக்கவில்லை. ஒல்லாந்தர் ஆட்சியில் செட்டிகளிடமும் சோனகரிடமும் பெறப்பட்ட கட்டாய வேலைக்கு 'ஊழியம்' என்பதே பெயர். இன்று 'ஊழியர்' என்போர் சம்பளம் பெறுவோர். சொல்லின் பொருள் மாறிய அளவிற்கு உழைப்பின் உறவும் மாறியுள்ளதா? இவ்வினாவைக் கட்டட வேலைத்தலத்தில், அதிலும் 'லீன்' நிர்மாணம் எனப்படும் விரயங் குறைத்த நிர்மாண முறையிற் பயிலும் கூட்டு அட்டவணையை முன்வைத்து, இங்கு ஆராய முற்படுகிறோம்.

கால்வாய்க் கரையோரம் எழும் வீடுகளில் நாம் அடிக்கடி காண்பது இது: மேசன் பாஸ் காலையில் வந்துவிடுவார், குழாய் பதிப்பவர் தம் வேலையை முடித்திருக்கமாட்டார். அட்டவணையின்படி அன்று சுவர் எழவேண்டும். சுவர் எழாது, கையாளுக்கு அன்றைய கூலியும் இராது. அட்டவணை தவறென எவருங் கூறார். ஆட்கள் சரியில்லை என்றே கூறப்படும்.

இத்தகைய அட்டவணைக்கு ஒரு வரலாறு உண்டு. திட்டமிடுதலை வேலைத்தலத்திலிருந்து பிரித்து நிருவாகத்தின் கையில் ஒப்படைக்கவேண்டுமென 1911 இல் நூலெழுதி வாதிட்டவர் ரெயிலர். 1950களின் பிற்பகுதியில் டியூபொன்ட் நிறுவனமும் அமெரிக்கக் கடற்படையும் வகுத்த வலைப்பின்னல் அட்டவணைகள் அப்பிரிவினைக்குக் கணித வடிவம் தந்தன. எது எப்போது நடக்கவேண்டும் என்பதை அவை துல்லியமாகக் கணித்தன. நடக்க முடியுமா என்பதைக் களத்தில் நிற்பவரிடம் கேட்கும் ஏற்பாடு அவற்றில் இல்லை.

இக்குறையைக் கண்டவர்கள் கிளென் பலார்ட், கிறெக் ஹவெல் என்னும் அமெரிக்கர். வாராந்தம் செய்வதாகத் திட்டமிட்ட வேலைகளில் ஏறத்தாழ அரைவாசியே அவ்வாரத்தில் முடிவதாக 1990களில் அவர்கள் கணக்கிட்டனர். அவர்கள் வகுத்த முறையின் பெயர் 'இறுதித் திட்டமிடுநர்' முறை. இறுதித் திட்டமிடுநர் என்பவர் நாளை எவர் எதைச் செய்வார் எனக் கடைசியாகச் சொல்பவர். நம் வழக்கிற் கூறின் பாஸ். முறை இவ்வாறு இயங்குகிறது: ஒரு கட்டம் முடியவேண்டிய நாளிலிருந்து பின்னோக்கி, ஒவ்வொரு தொழிலின் பொறுப்பாளரும் தமக்கு முன்னர் எவ்வேலை முடிந்திருக்கவேண்டும் என்பதைச் சிறு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுவர். பின்னர் ஏறக்குறைய ஆறு வாரங்களை முன்னோக்கிப் பார்த்து, சீமெந்து, வரைபடம், அனுமதி முதலிய தடைகளை ஒவ்வொன்றாக நீக்குவர். தடை நீங்கிய வேலையை மட்டுமே வரும் வாரத்திற்கு ஏற்பர். வார முடிவில், ஏற்றவற்றில் எத்தனை வீதம் முடிந்தது, முடியாதவை ஏன் முடியவில்லை என்பன பதியப்படும்.

இதன் உயிர்நாடி சுவரில் ஒட்டும் தாளன்று. 'என்னால் இயலாது' எனக் கூறும் உரிமையே. மறுக்க முடியாதவன் தரும் வாக்கு, வாக்கு ஆகாது. அது கட்டளைக்குப் பணிதல். முறையை வகுத்தோரும் இதனை வலியுறுத்துகின்றனர்.

இலங்கைக்கு இச்சிந்தனை முற்றிலும் புதிதன்று. 1984 முதல் 1989 வரை நடைபெற்ற பத்து இலட்சம் வீடமைப்புத் திட்டத்தில், கொழும்பின் நவகம்புர போன்ற குடியிருப்புகளில், குடியிருப்பாளரும் அதிகாரிகளும் ஒரே மேசையைச் சுற்றியிருந்து எதை முதலிற் செய்வது, எவர் செய்வது எனத் தீர்மானித்தனர். கிணறு, வடிகால் போன்ற சிறு வேலைகளின் கொந்தராத்தைக் குடியிருப்பாளரின் சபைகளே ஏற்கும் முறையும் அத்திட்டத்திலேயே வளர்ந்தது. 1980 யூலை வேலைநிறுத்தக்காரர் பல்லாயிரவரை வேலைநீக்கம் செய்த அதே அரசாங்கத்தின் காலத்தில் இது நிகழ்ந்தமை முரண்நகையே. எனினும் இங்கு வாக்களித்தவரே அவ்வேலையின் பயனையும் நுகர்ந்தனர் என்பதை மறுத்தல் ஆகாது.

தனியார் வேலைத்தலத்தின் நிலை வேறு. பலர் கூடிச் செய்யும் எவ்வேலைக்கும் ஒருங்கிணைப்பு வேண்டும். முதலாளித்துவத்தின்கீழ் அவ்வொருங்கிணைப்பு சுரண்டலின் அதிகாரத்தோடு பிணைந்தே வருகிறது என மார்க்ஸ் 'மூலதனம்' முதற் தொகுதியில் விளக்குவார். கூட்டு அட்டவணை இப்பிணைப்பின் ஒரு பாதியையே அவிழ்க்கிறது. ஒருங்கிணைப்பு பாஸின் கைக்கு வருகிறது; மிச்சப்படும் நாட்களின் இலாபம் வருவதில்லை. 'லீன்' சிந்தனை காத்திருத்தலை விரயம் என்கிறது. நிறுவனத்திற்கு அது விரயம். நாட்கூலியாளனுக்கோ அது இழந்த கூலி. ஆகவே காத்திருப்பைக் குறைக்கும் முறையை நாம் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. ஹெந்தளையின் கையாளுக்கு அதனால் மாதத்திற் சில நாட்கூலி மிஞ்சக்கூடும். ஆனால் நாளைய வேலையே நிச்சயமற்றவன் 'இயலாது' என எவ்வாறு கூறுவான்? நிறைவேற்ற வீதம் பாஸைத் தண்டிக்கும் அளவுகோலாக மாறுமிடத்து அவரும் அதனைக் கூறமாட்டார்; கைக்கெட்டிய சிறு வேலைகளை மட்டும் ஏற்று வீதத்தை உயர்த்திக் காட்டுவார்.

கையாளுக்கு அச்சுவரின் முன் இடமில்லை. அவனைப் பற்றிய பதிவு வார இறுதியில், தவறிய வேலைகளுக்கான காரணங்களின் நிரலில் மட்டும் வரும்: 'ஆள் வரவில்லை'. சீமெந்து வராதபோது ஏன் வரவில்லை எனத் தேடி, கடைக்காரர் வரை சென்று விசாரிக்கும் கூட்டங்கள், இந்த வரியில் அவ்வாறு நிற்பதில்லை.