மலையக மைதானமும் கமராவும்: விளையாட்டு ஒளிப்படக்கலை பற்றிய சில குறிப்புகள்

மலையகத் தமிழரைக் காட்டும் ஒளிப்படங்களுக்குக் குறைவில்லை. கூடை சுமந்து கொழுந்து பறிக்கும் பெண்ணின் உருவம் தேயிலைப் பெட்டியிலும் அஞ்சலட்டையிலும் சுற்றுலாப் பிரசுரங்களிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக அச்சாகி வந்துள்ளது. ஆனால் அதே மக்கள் ஞாயிறு பிற்பகலில் லயங்களுக்குக் கீழேயுள்ள மைதானத்தில் கரப்பந்தும் உதைபந்தும் கிரிக்கெட்டும் ஆடும் காட்சிகளைத் தேடுவோமாயின் கிடைப்பவை மிகச் சிலவே. இக்குறையின் காரணங்களுட் சில சமூகத்தைச் சார்ந்தவை. சில கருவியையும் ஒளியையும் சார்ந்தவை. இரண்டும் ஒன்றோடொன்று பின்னியவை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து.

இப்பகுதிக்குக் கமரா வந்த வரலாறு ஆச்சரியம் தருவது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தலைசிறந்த ஒளிப்படக் கலைஞருள் ஒருவரான ஜூலியா மார்கரெட் கமரன் 1875இல் இலங்கைக்கு வந்து, 1879இல் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் காலமானார்; பொகவந்தலாவையிலுள்ள தேவாலய முற்றத்தில் அடக்கம் செய்யப்பட்டார். இங்கு அவர் எடுத்த படங்களில் தோட்டத் தொழிலாளரும் உள்ளனர். ஆனால் அவர் கையாண்டது ஈரக் கண்ணாடித் தகட்டு முறை. ஒரு படம் பதிய நிமிடக் கணக்கிற் கூட ஆகலாம். அதுவரை எதிரிலிருப்பவர் அசையாதிருத்தல் வேண்டும். அசையாதவரே படத்துக்குரியவர் என்பது அக்காலக் கருவியின் விதி. அப்படங்களிலுள்ள தொழிலாளர் பெரும்பாலும் பெயரற்றவர்கள் என்பதையும் சேர்த்து நோக்க வேண்டும்.

கமரன் இலங்கையில் வாழ்ந்த அதே காலத்தில், 1878 யூன் மாதம், கலிபோர்னியாவின் பாலோ அல்ட்டோவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் 12 கமராக்களை வரிசையாக நிறுத்தி, ஓடும் பந்தயக் குதிரையின் நான்கு கால்களும் ஒரு கணம் நிலத்தை விட்டு எழுவதை நிரூபித்தார். விளையாட்டு ஒளிப்படக்கலையின் தொடக்கத்தை இங்கே காணலாம். அசைவை நிறுத்தும் ஆற்றல் அன்று முதலே வளர்ந்து வந்தது. எனினும், மலைநாட்டில் அது முதலில் துரைமாரின் விளையாட்டுக்கே பயன்பட்டது. டிக்கோயா - மஸ்கெலியாக் கழகத்துக்குரிய டரவளை மைதானமும் டிம்புளக் கழகத்துக்குரிய ரதெல்ல மைதானமும் தோட்டத்துரைமாரின் கிரிக்கெட்டுக்காக அமைந்தவை. தொழிலாளிக்கோ கமரா வேறொரு வடிவில் வந்தது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானோரும் 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்கீழ் இந்தியா செல்ல நேர்ந்தோரும் கமராவின் முன் நேராக நின்று, அசையாமல், கடவுச்சீட்டுக்கு முகம் கொடுத்தனர்.

இனிக் கருவிக்கு வருவோம். விளையாட்டுப் படத்தின் முதற் பிரச்சினை நேரம். ஓடிவரும் உதைபந்தாட்டக்காரர் ஒருவர் செக்கனுக்கு 8 மீற்றர் நகர்வதாகக் கொள்வோம். ஷட்டர் 1/125 செக்கன் திறந்திருப்பின் அதற்குள் அவர் 6 சென்ரிமீற்றருக்கு மேல் நகர்ந்துவிடுவார், படம் கலங்கும். 1/1000 செக்கனாயின் அசைவு 8 மில்லிமீற்றர் மட்டுமே. மணிக்கு 130 கிலோமீற்றர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்து அந்த 1/1000 செக்கனிலும் மூன்றரை சென்ரிமீற்றர் கடக்கும். ஆகவே ஷட்டரை விரைவுபடுத்த வேண்டும். விரைவுபடுத்தினால் உட்புகும் ஒளி குறையும். மலையகத்தின் சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையே புகையிரதப் பாதையிலுள்ள றொசல்லயை எடுத்துக்கொள்க. வட்டவளைப் பகுதி இலங்கையிலேயே மிக அதிக மழை பெறும் இடங்களுள் ஒன்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மழையையும் மூடுபனியையும் கொண்டுவரும். பள்ளத்தாக்கில் சூரியன் முகட்டின் பின்னால் விரைவில் மறைந்துவிடும். கொழும்பில் நல்ல வெயிலில் எஃப் 16 துவாரத்தில் எடுக்கக்கூடிய படத்துக்கு இங்கே எஃப் 4 அளவு திறக்க வேண்டி வரலாம். அதாவது ஒளி பதினாறில் ஒரு பங்காகக் குறைந்துவிடுகிறது. அந்நிலையில் 1/1000 செக்கன் வேண்டுமாயின் ஐஎஸ்ஓ 1000 அளவு உணர்திறன் தேவை. படச்சுருட் காலத்தில் கொடாக்கின் ட்ரை-எக்ஸ் போன்ற 400 வேகச் சுருளை 1600 எனக் கணித்து எடுத்து, இருட்டறையில் கூடுதல் நேரம் கழுவி ஈடுசெய்தனர். மணல் தூவியது போன்ற படமே கிடைத்தது. இன்றைய டிஜிட்டல் கமராக்கள் 3200, 6400 என்னும் அளவுகளிலும் பத்திரிகைக்கேற்ற படம் தருகின்றன. ஏழை மைதானத்துக்கு இத்தொழில்நுட்ப மாற்றம் செய்த உதவி பெரிது.

வில்லை பற்றி ஒரு மயக்கம் உண்டு. சர்வதேசப் போட்டிகளில் எல்லைக்கோட்டருகே காணும் 400, 600 மில்லிமீற்றர் பெருவில்லைகளே இக்கலைக்கு இன்றியமையாதவை எனப் பலர் எண்ணுகின்றனர். அவற்றின் விலை பல இலட்சம் ரூபா. நாட்சம்பளம் 1,000 ரூபா வேண்டும் என்ற கோரிக்கையே 2021இல்தான் வர்த்தமானி மூலம் நிறைவேறிய தோட்டங்களில் அது பற்றிப் பேசுவதிற் பொருளில்லை, தேவையுமில்லை. மூடுபனியினூடே தூரத்திலிருந்து எடுப்பின் எத்துணைச் சிறந்த வில்லையும் வெளிறிய படத்தையே தரும். அருகிற் செல்வதே வழி. 85 மில்லிமீற்றர் குவியத்தூரமும் எஃப் 1.8 துவாரமும் கொண்ட சிறு வில்லையுடன் வலையிலிருந்து 8 மீற்றர் தூரத்தில் நின்று, கமராவை நெடுக்காகப் பிடித்தால், ஏறத்தாழ 3.4 மீற்றர் உயரம் சட்டத்துள் அடங்கும். ஆண்கள் கரப்பந்து வலையின் உயரம் 2.43 மீற்றர்; எழும்பி அடிப்பவரின் கையும் பந்தும் அடங்க இது போதும். மலிவான நெடுவில்லைகளின் எஃப் 5.6 துவாரத்தோடு ஒப்பிட இது பத்து மடங்கு அளவு ஒளியை உள்வாங்கும்.

கருவியாற் செய்ய இயலாததை ஆட்ட அறிவு செய்யும். கண் கண்டு விரல் அழுத்தச் செக்கனில் ஐந்திலொரு பங்கு கழிந்துவிடும். கண்ட பின் அழுத்துபவர் எப்போதும் தவறவிடுபவரே. 60 சென்ரிமீற்றர் உயரம் எழும் ஆட்டக்காரர் ஏறத்தாழ 0.7 செக்கன் அந்தரத்தில் இருக்கிறார். அதிற் பாதி நேரம் உச்சியின் மேற்கால் பங்கிலேயே கழிகிறது. அவ்வேளை உடல் ஏறக்குறைய நின்றுவிடுவதால் 1/250 செக்கனிலும் முகம் தெளிவாக விழும். வீசும் கை சற்றுக் கலங்கினால் அது அழகே. பந்தை உயர்த்திக் கொடுப்பவரின் மணிக்கட்டைப் பார்த்து அடி எங்கிருந்து வரும் என முன்னுணர்பவர், விலையுயர்ந்த கமராவுடன் வெளியூரிலிருந்து வருபவரை வெல்வார். அவ்வறிவு அம்மைதானத்தில் ஆடி வளர்ந்த இளைஞரிடம் ஏற்கெனவே உள்ளது.

மூடுபனியின் மற்றொரு சூழ்ச்சியும் கவனிக்கத்தக்கது. கமராவின் ஒளிமானி தான் காணும் காட்சியை நடுத்தரச் சாம்பல் நிறமாக்க முயல்வது. பின்னணி வெண்பனியாக இருப்பின் அதனைச் சாம்பலாக்கும் முயற்சியில் முன்னே ஆடுபவரின் கரிய முகத்தை மேலும் கறுப்பாக்கிவிடும். கண்ணும் மூக்கும் தெரியாத நிழலுருவமே மிஞ்சும். மேல்நாட்டு நிறச்சுருள்கள் நெடுங்காலம் வெள்ளைத் தோலையே அளவுகோலாகக் கொண்டு சரிசெய்யப்பட்டன என்பது இன்று பரவலாக அறியப்பட்ட செய்தி. மானி சொல்வதைவிட ஒரு படி, சிலவேளை ஒன்றரைப் படி கூடுதலாக ஒளி கொடுத்தல் வேண்டும். பனி வெளுத்துப் போகட்டும். முகம் தெரிய வேண்டும்.

ஒளிப்படம் எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்பதற்கு மலையகத்தோடு தொடர்புடைய உதாரணமே உண்டு. முத்தையா முரளிதரன் கண்டியிற் பிறந்தவர். அவரது பாட்டனார் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்யத் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர். 1995 டிசெம்பர் 26இல் மெல்பேர்ணில் நடுவர் டரல் ஹெயர் அவரது பந்தை எறிபந்து என ஏழு முறை அறிவித்தார். தொடர்ந்து பத்திரிகைகளில் அவரது வளைந்த முழங்கையைக் காட்டும் படங்கள் ‘சான்று’களாயின. ஆனால் விதி தடுப்பது கை வளைந்திருப்பதையன்று, வீசும்போது நிமிர்வதையே. தனியொரு படத்தில் மாற்றம் தெரியாது. அடுத்தடுத்த இரு படங்களும் ஏமாற்றக்கூடும்: வளைந்த கம்பியொன்றை அச்சிற் சுழற்றினால் அதன் நிழல் ஒருகால் வளைந்தும் ஒருகால் நேராகவும் விழும், கம்பியோ மாறவில்லை. பிறவியிலேயே முழுமையாக நிமிராத முழங்கை கொண்ட முரளிதரனின் கை அவ்வாறே தோன்றியது. 1996இல் மேற்கு அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் பல கோணங்களிலிருந்து கமராக்களால் முப்பரிமாணத்தில் அளந்தபோது அது தோற்ற மயக்கமே என்ற முடிவு வந்தது. 2004இல் அவரது ‘தூஸ்ரா’ பந்து 14 பாகை நிமிர்வு காட்டி, அன்று சுழற்பந்து வீச்சாளருக்கு அனுமதிக்கப்பட்ட 5 பாகையை மீறியது என்பதும் மறைக்கத்தக்கதன்று. அதே காலத்திய ஆய்வுகள் ஏனைய பந்துவீச்சாளரிற் பெரும்பாலாரின் கையும் ஓரளவு நிமிர்வதைக் காட்டின; 2005 முதல் அனைவருக்கும் 15 பாகை என்ற எல்லை விதிக்கப்பட்டது. ஒரே கோணத்தில் நின்ற கமரா பத்தாண்டு காலம் ஒருவர்மீது குற்றஞ்சாட்டப் பயன்பட்டது. பல கோணக் கமராக்களே பிரச்சினையை அளவுக்கு உட்படுத்தின.

கோணம் என்பது றொசல்ல போன்ற இடங்களில் இயல்பான சோதனையும் ஆகிறது. மலையை வெட்டிச் சமப்படுத்திய மைதானத்தின் மேற்சரிவில் நின்றால் ஆட்டம் முழுவதும் தெரியும்; வசதியான இடம். ஆனால் அங்கிருந்து எடுக்கும் படத்தில் ஆட்டக்காரர் குள்ளராகி, மண்ணோடு மண்ணாகத் தோன்றுவர். துரையின் பங்களாவிலிருந்து லயத்தை நோக்கிய பழைய படங்களின் கோணம் இதுவே. கோட்டருகே இறங்கி, முழங்காலிட்டு, ஆட்டக்காரரின் இடுப்புயரத்திலிருந்து மேல்நோக்கி எடுத்தால் அவர் பின்னணியான மலைக்கும் மேலெழுவார்.

மழைக்கு, வில்லை வெளிவரத் துளையிட்ட தடித்த பொலித்தீன் பை போதும். மழையினும் கொடியது ஈரம். பயன்படாது அலுமாரியிற் கிடக்கும் வில்லையின் உட்புறத்தில் வலைப்பின்னலாகப் பூஞ்சணம் படரும். ஒருமுறை கண்ணாடியை அரித்துவிட்டால் மீட்பு அரிது. இறுக்கமாக மூடும் பெட்டியில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல்லுடன் வைத்து, வெயில் கண்ட நாளில் வெளியே எடுத்துப் பயன்படுத்துவதே சிறந்த காப்பு.

கமராப் பையில் இருக்க வேண்டிய இன்னொன்று குறிப்புப் புத்தகமும் பென்சிலும். மழையில் பேனா மை கரையும். ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரரிடம் சென்று பெயர், தோட்டம், டிவிஷன், அணி, திகதி ஆகியவற்றை அவர் சொல்லும் வண்ணமே எழுதிக்கொள்ளல் வேண்டும். படப் பிரதியொன்றை அவருக்குக் கொடுத்து, எழுத்துப்பிழையிருப்பின் அவரைக்கொண்டே திருத்துவித்தல் நன்று.