130 கிலோ ஸார், அவ்வளவுதான்!

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எந்த ஊர் பஜாரிலும் இந்தக் காட்சியைப் பார்க்கலாம். பெட்ரோல் டாங்க் மேல் பெரியவன். அடுத்து அப்பா. பின்னால் அம்மா. இருவருக்கும் நடுவே சாண்ட்விச்சாகச் சின்னவள். அம்மா மடியில் மளிகைப் பை, ஹாண்டில்பாரில் காய்கறிப் பை. அப்பாவைக் கேட்டால் பெருமையாகச் சொல்வார்: ''வண்டி சும்மா ஜம்முனு இழுக்குது ஸார்!''

இழுக்கும். சந்தேகமே இல்லை. முதல் கியரில் போட்டால் 100 சிசி இன்ஜின் ஒரு சின்னக் கல்யாண கோஷ்டியையே நகர்த்திவிடும். நிற்குமா என்பதுதான் கேள்வி.

வண்டி வாங்கியபோது ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? (பீரோவில் பட்டுப்புடவைக்குக் கீழே தேடுங்கள்.) அதில் 'பேலோட்' என்று ஒரு வரி இருக்கும். ஸ்ப்ளெண்டர் மாதிரி 100 சிசி பைக்குக்கு 130 கிலோ. ஓட்டுபவர், பின்னால் உட்காருபவர், பை, தனியாக மாட்டிய பெட்டி எல்லாம் சேர்த்து!

கணக்குப் போடலாமா? ஷூ, ஹெல்மெட், சாப்பாட்டு டப்பாவோடு நீங்கள் 75. வீட்டுக்காரம்மா... வேண்டாம், நிஜ எடையை எழுதினால் ராத்திரி சோறு கிடைக்காது. மரியாதையாக 55 என்று வைப்போம். ஆச்சு, 130! இனி ஒரு முருங்கைக்காய்க்குக்கூட இடமில்லை. நிரப்பிய காஸ் சிலிண்டர் சுமார் 30 கிலோ. அதில் காஸ் 14.2, மிச்சம் இரும்பு. தண்ணீர் கேன் 20. அரிசி மூட்டை 25.

''கம்பெனிக்காரன் எப்பவும் கொஞ்சம் கம்மியாத்தான் ஸார் போடுவான்'' என்பார் ஆபீஸ் நண்பர். இருக்கலாம். அந்த மிச்சம் நம்ம ஊர் பள்ளங்களுக்காக வைத்தது. ஒரு குழியில் சக்கரம் இறங்கி ஏறும் அந்த ஒரு கணத்தில், ஷாக் அப்ஸார்பருக்கும் ரிம்முக்கும் நீங்கள் 130 கிலோ இல்லை, அதைவிட ரொம்ப ஜாஸ்தி.

பிரேக்குக்கு வருவோம். சாதாரண டிரம் பிரேக்கில் இருப்பது இரண்டு பிரேக் ஷூதான். ஓடுகிற வண்டியின் வேகத்தையெல்லாம் உரசி உரசிச் சூடாக மாற்றுவது அதுகள்தான். எடை ஒன்றரை மடங்கானால் சூடும் ஒன்றரை மடங்கு. வேகம் இரண்டு மடங்கானாலோ நாலு மடங்கு! ஓவர்லோடோடு கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகளையும் பிரேக்கை மிதித்தபடியே இறங்கிப் பாருங்கள் (வேண்டாம், பார்க்காதீர்கள்!). பாதி வழியில் தீய்ந்த வாசனை வரும். அப்புறம் எவ்வளவு மிதித்தாலும் பிடிக்காது. இரண்டாவது கியரில் போட்டு, இன்ஜினே வேகத்தைப் பிடித்து வைக்கும்படி இறங்குவதுதான் சரி.

டயரும் தன் பங்குக்கு எழுதி வைத்திருக்கிறது. 90/100-10 53J என்று ஒரு ஸ்கூட்டர் டயரில் இருந்தால், அந்த 53 என்பது 206 கிலோவுக்கான குறியீடு. காற்று சரியாக இருந்தால்தான் அதுவும். ஆக்டிவாவின் பின் டயருக்குத் தனியாகப் போனால் 29, ஆள் ஏறினால் 36. நாமோ மாசக்கணக்கில் காற்றே பார்க்காமல், அத்தையையும் மாமாவையும் ரயில்வே ஸ்டேஷனில் விட்டுவிட்டு வருகிறோம்.

எடையை எங்கே வைக்கிறீர்கள் என்பதும் முக்கியம். பின் சக்கரத்துக்கும் பின்னால் மூட்டையைக் கட்டினால் முன் சக்கரம் லேசாகி, ஹாண்டில் பேச்சுக் கேட்காது. ஹாண்டில்பாரில் பை தொங்கினால் திருப்பும்போது அது தனியாக ஒரு ஊஞ்சல் ஆடும்.

சட்டம் என்ன சொல்கிறது? 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 128-வது பிரிவுப்படி ஓட்டுபவரோடு ஒரே ஒருவர்தான். 2019 திருத்தத்துக்குப் பிறகு, மூன்றாவது ஆள் ஏறினால் 1,000 ரூபாய் அபராதம், மூன்று மாதம் லைசென்ஸும் கிடையாது. போலீஸ்காரர் எண்ணுவது தலையை. டயர் எண்ணுவது கிலோவை. இரண்டு பேர்தானே என்று அவர் விட்டுவிட்டாலும் நடுவில் இருக்கும் சிலிண்டரை டயர் விடாது.

கடைசியாக, நம் இளைஞர்களின் ஸ்பெஷல் ஐட்டம்: பெட்ரோல் தீர்ந்த நண்பனின் பைக்கைக் காலால் உதைத்துத் தள்ளிக்கொண்டு போவது! அந்த வண்டி 110 கிலோ, நண்பன் 70. ஆக 180 கிலோவை உங்கள் ஒற்றைக் கணுக்கால் தள்ளுகிறது. முன்னால் போகிறவன் திடீரென்று பிரேக் போட்டால் முதலில் மடங்குவது அதுதான். நண்பன் பங்க் வரை இறங்கி உருட்டட்டும். நீங்கள் வேண்டுமானால் பேச்சுத்துணைக்குக் கூடவே மெதுவாகப் போங்கள்.