தேயிலைக்கு விளம்பரம் கேட்டார்கள். கிடைத்தது என்ன தெரியுமா?

களுபோவில ஆஸ்பத்திரியடியில் ஓட்டோ பிடித்து 'லயனல் வென்ட்' என்று சொல்லிப் பாருங்கள், நேரே கொழும்பு 7இல் ஒரு நாடக அரங்கின் வாசலில் இறக்கிவிடுவார்கள். அந்தப் பெயருக்குரிய மனிதர், உலகமே வியந்த ஒரு பரிசோதனைக் குறும்படத்துக்குக் குரல் கொடுத்தவர். தெரியுமா?

அது தபால்காரர்கள் எடுத்த படம்! 1934இல் வந்த 'சோங் ஒஃப் சிலோன்' படத்துக்குக் காசு கொடுத்தது இலங்கைத் தேயிலைப் பிரசார சபை. எடுத்து முடித்தது பிரிட்டிஷ் தபால் திணைக்களத்தின் திரைப்படப் பிரிவு! தயாரிப்பாளர் ஜோன் கிரியர்சன். இயக்குநர் பசில் ரைட்டுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. கேட்டது நான்கு சின்னப் பயணப் படங்கள்; வந்தது நான்கு பாகமுள்ள ஒரே படம், அதுவும் 40 நிமிடத்துக்குள்!

விவரணைக்கு வயது 250க்கு மேல்! கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழ 20 வருடம் சிறைப்பட்டிருந்த ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்துதான் வசனம் எடுத்தார்கள். அதை லண்டனில் வாசித்தவர் நம்ம லயனல் வென்ட். திரையில் 1934, காதில் 17ஆம் நூற்றாண்டு!

ஒரு மணியோசை எவ்வளவு தூரம் பறக்கும்? படத்தில் சிவனொளிபாத மலைக்கு யாத்திரிகர்கள் ஏறுகிறார்கள். மணி ஒலிக்கிறது. உடனே ஒரு பறவை எழும்பிப் பறக்க, கமராவும் அதன் பின்னால் ஓடுகிறது. நீர், மலை, புத்தர் சிலைகள் என்று காட்சிகள் மாறிக்கொண்டே போக, மணியின் ரீங்காரம் மட்டும் விடாமல் தொடர்கிறது. கண்ணுக்குத் தெரியாத ஓசைக்குச் சிறகு முளைத்தது இப்படித்தான்!

படம் ஒன்று, சத்தம் வேறொன்று! மூன்றாம் பாகம்தான் உச்சம். ஒருவர் தென்னையில் ஏறுகிறார். காதில் விழுவதோ வியாபாரக் கடிதம் சொல்லி எழுதுவிக்கும் குரல்! சந்தை விலைகளும் தந்திக் கட்டளைகளும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுகின்றன. இந்த ஒலிக்கோலத்தை அமைத்தவர் இசையமைப்பாளர் வோல்ட்டர் லீ. கிராமத்து உழைப்பையும் லண்டன் கணக்கையும் ஒரே நேரத்தில் காட்ட ஒரு வரி விளக்கம்கூடத் தேவைப்படவில்லை. ஆனால் கொழுந்து பறிக்கும் மலையகத் தமிழரின் கதை மட்டும் அதில் இல்லை. தேயிலைக் காசில் எடுத்த படத்தில்!

பரிசு? 1935 பிரசல்ஸ் திரைப்பட விழாவில் முதற்பரிசு!

வென்ட் வெறும் குரல்தானா? இல்லவே இல்லை! பியானோக் கலைஞர், அதைவிடப் பெரிய புகைப்படக் கலைஞர். இருட்டறையில் படம் கழுவும்போது நடுவிலே வேண்டுமென்றே வெளிச்சம் பாய்ச்சுவார். ஒளியும் நிழலும் இடம் மாறி, உருவங்களின் ஓரத்தில் மாயக் கோடு எழும்பும்! 1943இல் நவீன ஓவியர்களின் '43 குழு' உருவாகக் காரணமானவர்களில் ஒருவர். மறு வருடமே, 44 வயதில் காலமானார். அவர் வீடு இருந்த கில்ஃபோர்ட் கிரசென்ட் காணியில்தான் இன்றைய அரங்கு நிற்கிறது!

ரைட்டின் படப் பெயரிலேயே ஓர் எதிர்ப்பாட்டு! இலங்கையில் பிறந்த லலீன் ஜயமான்ன 1985இல் அவுஸ்திரேலியாவிலிருந்து 'எ சோங் ஒஃப் சிலோன்' எடுத்தார். மானிடவியலாளர் கணநாத் ஒபேசேகர எழுதிய, பேய் பிடித்த ஒரு பெண்ணின் கதையே அதற்கு அடிப்படை. ரைட்டின் படத்தில் நிலம் ஓடிக்கொண்டே இருக்கும். இதிலோ உடல்கள் பழைய சினிமாப் படங்களின் தோரணையில் உறைந்து நிற்கும். ஒரு தீவு, இரண்டு பார்வை!

பார்க்கக் கிடைத்தால் ரைட்டின் மூன்றாம் பாகத்தை முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். இரண்டும் வேறு வேறு படங்கள். சேர்த்துப் பார்த்தால் மூன்றாவதாக ஒன்று வரும், அதைத்தான் ரைட் எடுத்தார்!