பழைய தாரும் காட்டுப்பள்ளி ரஸ்தாவும்

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக் கனத்த லாரிகள் ஓடும் ரஸ்தாவில், பெயர்த்தெடுத்த பழைய தார்க்கலவையை மீண்டும் போட்டால் நிலைக்குமா? முறைப்படி போட்டால் நிலைக்கும் என்பதே நமது அபிப்பிராயம். இந்திய ரோடு காங்கிரஸ் 2015-லேயே இதற்கு விதிமுறை வகுத்திருக்கிறது. ஆனால், வெயிலிலும் காற்றிலும் கிடந்த தார் இறுகிப்போகிறது. இளகிய புதுத்தாரை அளவறிந்து சேர்க்காவிடில் ரஸ்தா வெடிக்கும். மிஞ்சிச் சேர்த்தாலோ சக்கரத்தடம் குழியும். நீர் வடிய வழியில்லையேல் புதுத்தாரேயாயினும் கல்லைவிட்டுக் கழன்றுவிடும். கடலுக்கும் உப்பங்கழிக்கும் இடைப்பட்ட இம்மணல் திட்டில் அதுவே பேரபாயம். பழைய தாரின்மீது பழிபோடுவது கண்டிராக்டர்களுக்குச் சௌகரியம் போலும்! மீன் விற்கப் போகும் குப்பத்து ஜனங்களுக்கும் இதுவே வழி. ஆகவே, கலவையின் பரீட்சை முடிவுகளையும் வடிகால் திட்டத்தையும், வேலை தொடங்குமுன்னரே சர்க்கார் அவர்கள் முன் வைத்தல் வேண்டும்.