திறந்த கூரைக்கு டீசல் இழுவை

கூரையைத் திறந்துவிட்டு, வெயிலும் காற்றும் மேலே படப் போகிற காருக்கு டீசல் இன்ஜின் எதற்கு? ஐரோப்பாவின் கார் பிரியர்கள் வெகுகாலம் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி இது. டீசல் என்றாலே தடதடப்பு, கரும்புகை, லாரி என்றுதான் அங்கேயும் பெயர். ஆனால் 2000-க்குப் பிந்தைய பத்தாண்டில் ஆடி ஏ4, சாப் 9-3, மெர்சிடிஸ் சிஎல்கே, வால்வோ சி70 என்று நடுத்தர சொகுசு வகுப்பின் கன்வெர்ட்டிபிள்கள் ஒவ்வொன்றாக டீசலுக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் அறிவியல் கண்ணோடு பார்க்க அதிகம் உள்ள கார், பிஎம்டபிள்யூ 330டி கன்வெர்ட்டிபிள் என்பது என் கணிப்பு.

2007-இல் வந்த தலைமுறை அது. அதற்கு முந்தைய 3 சீரிஸ் கன்வெர்ட்டிபிள்களில் துணிக் கூரை இருந்தது. இதில் மூன்று துண்டுகளாக மடியும் எஃகுக் கூரை. பொத்தானை அழுத்தினால் 22 விநாடியில் கூரை மடிந்து டிக்கிக்குள் போய்விடும். மடிந்த கூரை இடத்தை அடைத்துக்கொள்வதால் 350 லிட்டர் டிக்கி 210 லிட்டராகச் சுருங்கும். 2,993 சிசி கொண்ட ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜின் முதலில் 231 குதிரைத்திறனும் 500 நியூட்டன் மீட்டர் டார்க்கும் தந்தது. அடுத்து வந்த புதிய இன்ஜின் அதை 245 குதிரைத்திறனாகவும் 520 நியூட்டன் மீட்டராகவும் உயர்த்தியது.

இந்த எண்களைப் பெட்ரோல் அண்ணனோடு ஒப்பிட்டால்தான் விஷயம் பிடிபடும். அதே உடம்பில் வந்த 330ஐ பெட்ரோல் காருக்கு 272 குதிரைத்திறன், ஆனால் டார்க் 320 நியூட்டன் மீட்டர்தான். டார்க் என்பது இன்ஜின் தன் தண்டைத் திருகும் விசையின் அளவு. நம் ஓட்டுநர்கள் இழுவை என்று சொல்வது பெரும்பாலும் இதைத்தான். பவர் என்பது அந்தத் திருகலை எத்தனை வேகமாகச் செய்கிறது என்பதையும் சேர்த்த கணக்கு. டார்க்கைச் சுழற்சி வேகத்தால் பெருக்கினால் பவர் வந்துவிடும்.

பெருக்கித்தான் பார்ப்போமே. 330டி தன் 520 நியூட்டன் மீட்டரை நிமிடத்துக்கு 1,750 சுற்றிலேயே தந்துவிடுகிறது. அந்த இடத்தில் அதன் பவர் சுமார் 130 குதிரைத்திறன். பெட்ரோல் இன்ஜின் தன் உச்ச டார்க்கை அதே சுற்றில் தருவதாக வைத்துக்கொண்டாலும் 80 குதிரைத்திறனைத் தாண்டாது. உண்மையில் அதன் உச்சம் இன்னும் மேலேதான் வருகிறது. இன்ஜினை அலறவிடாமல், சாதாரணமாக ஓட்டும்போது டீசல் காரிடம் ஒன்றரை மடங்குக்கு மேல் பவர் கைவசம் இருக்கிறது என்று அர்த்தம்.

அப்படியானால் 520 எதிர் 320 என்ற போட்டியில் டீசல் பெட்ரோலைத் தூக்கிச் சாப்பிட வேண்டாமா? சாப்பிடவில்லை. நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொட இரண்டுமே ஏறக்குறைய 7 விநாடிதான் எடுத்துக்கொள்கின்றன. காரணம் கியர்பாக்ஸ். டீசல் 5,000 சுற்றுக்குள் மூச்சை முடித்துக்கொள்ளும். எரிபொருளைத் தெளித்து, காற்றோடு கலக்கவைத்து, எரியவைக்க நேரம் வேண்டும். அதிக அழுத்தத்தைத் தாங்கும் பிஸ்டனும் அதன் இணைப்புத் தண்டும் கனமாகத்தான் இருக்கும். அதனால் டீசலுக்கு நீண்ட கியர்கள். பெட்ரோல் இன்ஜின் 7,000 வரை சுழலும் என்பதால் அதற்குக் குட்டையான கியர் வைக்கலாம். அந்தக் கியர் டார்க்கைப் பெருக்கிச் சக்கரத்துக்குக் கொடுத்துவிடும். முழு மிதியில் போகும் ஓட்டப் பந்தயத்தில் வெற்றியை முடிவு செய்வது பவர். டார்க் எண்ணை மட்டும் காட்டி ஒரு காரை வேகமானது என்று சொல்பவர்கள் பாதிக் கதையைத்தான் சொல்கிறார்கள்.

மீதிக் கதை நெடுஞ்சாலையில் இருக்கிறது. 1.7 டன்னுக்கு மேல் எடையுள்ள இப்படி ஒரு கார், கூரை மூடிச் சமதளத்தில் 100 கி.மீ. வேகத்தில் போக எவ்வளவு பவர் தேவை? காற்றின் தடை, டயரின் உருளல் தடை இரண்டையும் கூட்டினால் சுமார் 20 குதிரைத்திறன் போதும். கூரையைத் திறந்தால் தேவை சற்றுக் கூடும். முன்கண்ணாடியின் மேல் விளிம்பைத் தாண்டிய காற்று அங்கே பிய்த்துக்கொண்டு, சுழன்று, பின்னாலிருந்து இருக்கைக்குள் திரும்பி வருகிறது. அந்தச் சுழலுக்குச் செலவாகும் ஆற்றலையும் இன்ஜின்தான் கொடுத்தாக வேண்டும். பின்னிருக்கைக்கு மேல் பொருத்துகிற வலைத் தடுப்பு, திரும்பிவரும் காற்றை வெட்டி, பயணிகளின் கழுத்தைக் காப்பாற்றுகிறது.

ஆக, 130-ஐத் தரக்கூடிய நிலையில் இன்ஜின் இருக்க, தேவையோ 20-ஐ ஒட்டி. இந்த அரைகுறைச் சுமையில்தான் டீசலின் உண்மையான சிக்கனம் வெளிப்படுகிறது. வழக்கமான பெட்ரோல் இன்ஜினில் பவரைக் குறைக்க, காற்று வரும் வழியை ஒரு தகட்டால் அடைக்கிறார்கள். அடைபட்ட குழாய் வழியாக மூச்சை இழுக்கவே இன்ஜின் ஆற்றலை வீணாக்குகிறது. டீசலுக்கு இந்தத் தொல்லை இல்லை. காற்று தடையில்லாமல் உள்ளே வரும். எரிபொருளின் அளவை மட்டும் குறைத்தால் போதும். உள்ளே வந்த காற்று 16 மடங்குக்கு மேல் நசுக்கப்படுவதால், வெடித்த வாயு அதிகம் விரிந்து அதிக வேலை செய்கிறது. ருடால்ஃப் டீசலின் அடிப்படைக் கனவே இதுதான். 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய இன்ஜினைச் சோதித்தபோது, எரிபொருளின் ஆற்றலில் 26 சதவீதத்துக்கு மேல் பயனுள்ள வேலையாக மாறியது. அன்றைய நீராவி இன்ஜின்கள் அதற்கு வெகுவாகப் பின்தங்கியிருந்தன.

330டி அதிகாரப்பூர்வச் சோதனையில் 100 கி.மீ.க்கு 7 லிட்டருக்கும் குறைவாகவே குடித்தது. ஆனால் லிட்டர் கணக்கை அப்படியே நம்பிவிடக் கூடாது. ஒரு லிட்டர் டீசலில் ஒரு லிட்டர் பெட்ரோலைவிடச் சுமார் 10 சதவீதம் கூடுதல் ஆற்றல் இருக்கிறது; எரியும்போது வெளிவரும் கரியமில வாயுவும் அதற்கேற்பக் கூடுதல். டீசலுக்கு மைலேஜில் கிடைக்கும் வெற்றியில் ஒரு பங்கு இன்ஜினுடையது அல்ல, எரிபொருளுடையது.

இனி சத்தம். கன்வெர்ட்டிபிள் காருக்கு இதுதான் பெரிய சோதனை. டீசலைத் தெளித்த கணத்துக்கும் அது பற்றிக்கொள்ளும் கணத்துக்கும் இடையே சிறு தாமதம் உண்டு. அதற்குள் சேர்ந்துவிட்ட டீசல் மொத்தமாகப் பற்றும்போது அழுத்தம் சட்டென்று ஏறி, சுத்தியலால் அடிப்பதுபோல் ஒலிக்கும். 1997-இல் ஆல்ஃபா ரோமியோ 156 காரோடு பயணிகள் கார்களுக்கு வந்த காமன் ரெயில் முறைதான் இதற்கு மருந்தானது. ஒரு பொதுக் குழாயில் டீசலை எப்போதும் உயர் அழுத்தத்தில் வைத்திருக்கிறார்கள். 330டி காரில் அதன் உச்சம் 1,600 பார் அல்லது அதற்கு மேல். மின்னணு முறையில் திறந்து மூடும் இன்ஜெக்டர், முதலில் துளியளவு டீசலைத் தெளித்து உள்ளே சூட்டை ஏற்றிவிடுகிறது. பிரதான அளவு அடுத்து வரும்போது தாமதமின்றி, சீராக எரிகிறது. அந்தத் தடதடப்பு முழுதாக ஒழிந்துவிடவில்லை. ஆனால் கூரை இல்லாத காரில் பேசிக்கொண்டு போகும் அளவுக்கு அடங்கியது.

அதிர்வும் இன்னொரு சிக்கல். மூடியுள்ள அட்டைப்பெட்டியை முறுக்கிப் பாருங்கள், எளிதில் வளையாது. மூடியைக் கிழித்துவிட்டு முறுக்கினால் நெளிந்துவிடும். கூரையை இழந்த காரும் அப்படித்தான். இழந்த விறைப்பை மீட்க, பக்கவாட்டு அடிச்சட்டங்களையும் தரைப்பகுதியையும் முன்கண்ணாடிச் சட்டத்தையும் எஃகால் பலப்படுத்துகிறார்கள். இதனோடு கூரையின் மோட்டார்களும் சேர்ந்து, இதே காரின் மூடிய கூபே வடிவத்தைவிடச் சுமார் 200 கிலோ கூடிவிடுகிறது. அப்படியும் உடம்பின் இயல் அதிர்வெண் மூடிய காரைவிடத் தாழ்வாகவே இருக்கும்.

நான்கு சிலிண்டர் இன்ஜின் 800 சுற்றில் நின்றபடி ஓடும்போது விநாடிக்கு சுமார் 27 முறை எரிகிறது. அந்தத் துடிப்பு உடம்பின் இயல் அதிர்வெண்ணை நெருங்கினால் கண்ணாடியும் ஸ்டீயரிங்கும் நடுங்கும். ஆறு சிலிண்டருக்கு அது 40 முறை; ஆபத்தான பகுதியிலிருந்து விலகிப் போய்விடுகிறது. தவிர, ஒரே வரிசையில் ஆறு பிஸ்டன்கள் ஏறி இறங்கும்போது அவற்றின் முக்கியமான மந்த விசைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும். நான்கு சிலிண்டரில் ஈடாகாத ஒரு பகுதி எப்போதும் மிஞ்சும். ஆஸ்திரியாவின் ஸ்டேயர் நகரில் உருவான இந்த ஆறு சிலிண்டர் டீசல், கூரையில்லாத உடம்புக்குப் பொருந்திப்போனது இதனால்தான். எடைக்கு அதன் இழுவை, நடுக்கத்துக்கு அதன் சமநிலை. இவ்வளவு இயல்பான ஜோடி அபூர்வம்.

இத்தனையையும் சொல்லிவிட்டுப் புகைக் கணக்கை மறைக்க முடியாது. அதிகச் சூடும் மிகுதியான காற்றும் சேரும் இடத்தில் நைட்ரஜன் ஆக்சைடுகள் பிறக்கும். பெட்ரோல் காரின் மூவழி வினையூக்கி, ஆக்சிஜன் மிஞ்சிய டீசல் புகையில் அவற்றைப் பிரிக்காது. ஐரோப்பாவின் யூரோ 5 விதி ஒரு கிலோமீட்டருக்குப் பெட்ரோல் காருக்கு 60 மில்லிகிராம் நைட்ரஜன் ஆக்சைடு அனுமதித்தபோது, டீசலுக்கு 180 அனுமதித்தது. சாலையிலோ பல டீசல் கார்கள் அதையும் பல மடங்கு மீறின. 2015 செப்டம்பரில் ஃபோக்ஸ்வேகனின் புகைச் சோதனை மோசடி வெளியான பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. கரியமில வாயுவைக் குறைக்கிறோம் என்று டீசலுக்கு வரிச்சலுகை கொடுத்த அரசுகள், நகரவாசிகளின் நுரையீரலை அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. இதை மன்னிக்கத்தக்க கவனக்குறைவாக நான் நினைக்கவில்லை.

இந்தக் காரின் உற்பத்தி 2013-இல் முடிந்தது. 2020-இல் அறிமுகமான 4 சீரிஸ் கன்வெர்ட்டிபிளில் பிஎம்டபிள்யூ மீண்டும் துணிக் கூரைக்கே திரும்பியது. முந்தைய உலோகக் கூரையைவிட அது 40 சதவீதம் எடை குறைவு. ஐரோப்பாவில் அதற்கும் டீசல் கொடுத்தார்கள்.

பழைய 330டி யாருக்கு ஏற்றது என்று கேட்டால் பதில் அதன் சைலன்சர் பாதையிலேயே இருக்கிறது. கரித்துகளைப் பிடிக்கும் வடிகட்டி, சேர்ந்த கரியை எரித்துத் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள சுமார் 600 டிகிரி சூடு வேண்டும். அதற்கு நிற்காமல் ஓடும் நெடுஞ்சாலைப் பயணம் தேவை. தினமும் ஐந்து கிலோமீட்டர் நகரத்துக்குள் போய்வருபவர்களுக்கு இது முற்றிலும் தவறான கார்; ஒரே மூச்சில் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகிறவர்களுக்கு, இந்த வகுப்பில் இதைவிடப் பொருத்தமான பழைய கன்வெர்ட்டிபிள் இல்லை.