கணிப்பொறியின் நாழிகைக் கணக்கன்

பழந்தமிழ் மன்னரின் பாசறையில் நாழிகைக் கணக்கர் என்போர் இருந்தனர். நீரளவைக் கொண்டு பொழுதறிந்து அரசனுக்கு உணர்த்துவது அவர்தம் பணி என்பதை முல்லைப்பாட்டு காட்டுகின்றது. நம் மேசைக் கணிப்பொறியினுள்ளும் அத்தகைய கணக்கன் ஒருவன் உறங்காது விழித்திருக்கின்றான். அவனைப் பற்றி நாம் அறிந்துகொள்ள நேர்ந்தது ஓர் இடரினால்தான்.

செம்பரம்பாக்கம் ஏரிப் பாசனத்தை நம்பி வாழ்ந்த உழவர்களிடம் எம் மாணவர்கள் திரட்டிய வேளாண் சொற்கள் துறைக் கணிப்பொறியில் இருந்தன. வயல்கள் ஆலைகளாக மாறிவரும் குன்றத்தூர்ப் பகுதியில் அச்சொற்களை மீண்டும் திரட்டுதல் அரிது. கோடை விடுமுறை முடிந்து கணிப்பொறியை இயக்கியபோது, தட்டு காணப்படவில்லை என்ற அறிவிப்பே திரையில் தோன்றியது. நாளும் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றிருந்தது. பழுது பார்க்க வந்தவர், "தட்டு போய்விட்டது, புதிய பொறி வாங்குங்கள்" என்றார். ஒரகடம் ஆலையொன்றில் பணியாற்றும் எம் பழைய மாணவர் வந்து பெட்டியைத் திறந்தார். "ஐயா, தட்டுக்கு ஒன்றுமில்லை, பேட்டரிதான் தீர்ந்துவிட்டது" என்றார்.

அவர் விளக்கியதன் சாரம் இது. மதர்போர்டு எனப்படும் தாய்ப்பலகையில் இருவகை நினைவுகள் இணைகின்றன. நாம் எழுதியவை யாவும் ஹார்ட் டிஸ்க் எனப்படும் வன்தட்டில் உள்ளன. அவை மின்சாரம் இன்றியும் நிலைப்பவை. முன்னாளில் 40 முனைகள் கொண்ட அகன்ற பட்டை வடம் தட்டைப் பலகையுடன் இணைத்தது. 2003 முதல் பரவிய சாட்டா முறையில் தரவுக்கு 7 முனைகளும் மின்சாரத்திற்கு 15 முனைகளும் கொண்ட இரு மெல்லிய வடங்கள் உள்ளன. இன்றைய எம்.2 தட்டுகளோ வடமின்றிப் பலகையிலேயே செருகப்படுகின்றன.

மற்றொன்று, காலத்தின் நினைவு. 1981இல் வந்த ஐ.பி.எம். தனியாள் கணிப்பொறியில் ஒவ்வொரு முறையும் நாளையும் நேரத்தையும் தட்டச்சிட வேண்டியிருந்தது. 1984இல் வந்த அதன் ஏ.டி. வகையில் மின்கலத்தால் இயங்கும் கடிகாரம் இடம்பெற்றது. இக்கடிகாரத்தின் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கின்றது. அவ்வெண்ணை 15 முறை பாதியாக்கினால் ஒன்று வரும். அதுவே ஒரு நொடி. அதற்கு உணவளிப்பது சி.ஆர்.2032 என்னும் 3 வோல்ட் லித்தியம் மின்கலம். 20 மில்லிமீட்டர் விட்டம், 3.2 மில்லிமீட்டர் தடிப்பு என்ற அளவுகளே அதன் பெயரில் உள்ளன. பல பொறிகளில், எத்தட்டிலிருந்து, எம்முறையில் தொடங்குவது என்ற குறிப்பையும் இம்மின்கலமே காக்கின்றது. அது தீர்ந்தால் குறிப்பு அழிகின்றது. பொறி தன் தட்டையே அறியாது விழிக்கின்றது. சுவர் மின்சாரம் இருக்கும்வரை மின்கலத்தின் சுமை குறையும். நெடுநாள் இணைப்பை எடுத்துவிட்டால் முழுச்சுமையும் அதன்மீதே விழும். விடுமுறைக்குப் பின் எம் பொறி தடுமாறியது இதனாலேயே.

ஆகவே, அறிகுறிகளைப் பகுத்துணர்தல் வேண்டும். நாளும் நேரமும் பிறழ்ந்திருந்தால் முதலில் மின்கலத்தை ஐயுறுக. நேரம் சரியாயிருந்தும் தட்டு தோன்றாவிடின் வடங்களின் இறுக்கத்தை நோக்குக. தட்டிலிருந்து 'டக், டக்' என்னும் ஒலி எழுந்தால் மட்டும் பொறியை மீண்டும் மீண்டும் இயக்காது வல்லாரிடம் தருக.

மின்கலம் மாற்றுமுன் மின்னிணைப்பை முற்றிலும் நீக்குக. பெட்டியின் உலோகத்தைத் தொட்டு உடலின் நிலைமின்னைப் போக்குக. கூட்டற்குறி மேலிருக்குமாறு புதியதைப் பொருத்தி, நாளையும் பழைய அமைப்பையும் மீட்டமைக்க. பழைய மின்கலத்தைக் குழந்தைகள் கைக்கு எட்டாது வைக்க. விழுங்கினால் இரண்டு மணி நேரத்திலேயே அது உணவுக்குழாயைப் புண்ணாக்க வல்லது; உடனே மருத்துவமனைக்கு விரைதல் வேண்டும்.

2007இல் ஸ்ரீபெரும்புதூரில் டெல் நிறுவனம் கணிப்பொறி ஆலை திறந்தது. நம் அண்டை ஊரில் உருவாகும் பொருளின் உள்ளமைப்பை நாமும் ஓரளவு அறிந்திருத்தல் தகும். அன்று அம்மாணவர் மாற்றியது சிறு காசு போன்ற ஒரு மின்கலம். மீண்டதோ ஓர் ஏரியின் சொற்கள். மறுநாளே அவற்றை வேறொரு தட்டிலும் படியெடுத்து வைத்தோம். கணக்கன் விழித்திருப்பினும் களஞ்சியம் இரண்டாக இருத்தல் நன்று.