பெஹாலா பயணிக்கு யார் வழி சொல்வது?

புது தில்லி: கொல்கத்தாவின் தென்மேற்கில் உள்ள பெஹாலாவுக்கு மெட்ரோ ரயில் வந்து சேரப் பன்னிரண்டு ஆண்டுகள் பிடித்தன. மம்தா பானர்ஜி ரயில்வே அமைச்சராக இருந்தபோது, 2010 செப்டம்பரில் அன்றைய குடியரசுத் தலைவர் பிரதிபா பாட்டீல் அடிக்கல் நாட்டினார். ஜோகா - தாராதலா இடையிலான 6.5 கி.மீ. பாதையை 2022 டிசம்பர் 30-ம் தேதி பிரதமர் நரேந்திர மோடி காணொலி வாயிலாகத் தொடக்கி வைத்தார். செலவு ரூ.2,475 கோடிக்கும் அதிகம்.

ஆனால் 2023 ஜனவரியில் பயணிகள் சேவை தொடங்கியபோது, சிக்னல் ஏற்பாடு முழுமை பெறாததால் ஒரே ரயில்தான் போய்த் திரும்பியது. ஏறத்தாழ மணிக்கு ஒன்று. சனி, ஞாயிறுகளில் அதுவும் இல்லை. பின்னர் எண்ணிக்கை கூட்டப்பட்டது என்றாலும் அந்த நாள்கள் ஒன்றை உணர்த்தின. ஐந்து நிமிடத்துக்கு ஒரு ரயில் ஓடினால் யாரும் அட்டவணையைத் தேடுவதில்லை. மணிக்கு ஒன்று ஓடுகிற இடத்தில் அட்டவணை இல்லாத சேவை பாதிச் சேவையே. அடுத்த ரயிலுக்கு 50 நிமிடம் என்பது, டயமண்ட் ஹார்பர் சாலையிலிருந்து படியேறி நிலையத்துக்குள் நுழைந்த பிறகு தெரிவதில் என்ன பயன்? பேருந்தா, ஷேர் ஆட்டோவா, மெட்ரோவா என்று பயணி முடிவெடுப்பது சாலையில் நின்றுகொண்டுதான். பலகையும் அங்கேதான் இருக்க வேண்டும்.

2024 மார்ச்சில் பாதை மாஜேர்ஹாட் வரை நீண்டது. அங்கே புறநகர் ரயிலுக்கு மாறலாம். மெட்ரோ ஒரு ரயில்வே மண்டலம். புறநகர் ரயிலை இயக்கும் கிழக்கு ரயில்வே வேறொரு மண்டலம். அறிவிப்புகளும் அவ்வாறே இரண்டாகப் பிரிந்து நின்றால் நடுவில் திண்டாடுபவர் பயணிதான்.

உலகம் இதற்கு எப்போதோ வழி கண்டுவிட்டது. 1933-ல் வெளியான ஹாரி பெக்கின் லண்டன் சுரங்க ரயில் வரைபடம் தூரத்தைப் பொருட்படுத்தாமல், எங்கே மாறுவது என்பதை மட்டும் காட்டியது. மெக்சிகோ நகர மெட்ரோ 1969-ல் தொடங்கியபோது, எழுத்தறியாதவர்களுக்காக ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சின்னம் தரப்பட்டது. நமக்கு இது புதிதா என்ன? 1951-52 பொதுத் தேர்தலிலேயே சின்னங்களைப் பார்த்து வாக்களித்த நாடு இது.

சட்டமும் இருக்கிறது. 2005-ம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டம் என்றாலே மனுப் போடுவதுதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. அதன் நான்காவது பிரிவோ, யாரும் கேட்காமலே, மக்கள் எளிதில் அணுகும் வடிவில், உள்ளூர் மொழியைக் கருத்தில் கொண்டு அரசு அமைப்புகள் தகவலைப் பரப்ப வேண்டும் என்கிறது. அறிவிப்புப் பலகையையும் அதற்கான வழியாகக் குறிப்பிடுகிறது.

சென்னை மெட்ரோ, மத்திய - மாநில அரசுகளின் கூட்டு நிறுவனம். கொல்கத்தா மெட்ரோ அப்படியல்ல; நேரடியாக ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இயங்குகிறது. எனவே பலகைக்கும் பதில் சொல்ல வேண்டியவர் ரயில்வே அமைச்சரே. புதிய பாதை, நிதி ஒதுக்கீடு பற்றி அவையில் கேள்விகளுக்குப் பஞ்சமில்லை. பெஹாலா கிழக்கு, மேற்கு ஆகிய இரண்டு சட்டப்பேரவைத் தொகுதிகளும் கொல்கத்தா தெற்கு மக்களவைத் தொகுதியில் அடங்கியவை. அதன் உறுப்பினர் நட்சத்திரக் குறியிடப்படாத ஒரு கேள்வியை அனுப்பி அது ஏற்கப்பட்டால் போதும். அமைச்சகம் எழுத்துப்பூர்வமாகப் பதில் அளித்தாக வேண்டும்.